விழுந்த பல்லும் அரை மணி நேரமும்

சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. ஆர்.எஸ்.புரத்தில் எங்கள் தெருவில் மிதிவண்டி ஓட்டிக்கொண்டிருந்த என் ஒன்பது வயதுப் பேரன், வேகத்தடையில் தடுமாறி முகம் குப்புற விழுந்தான். உதடு கிழிந்து இரத்தம் வழிந்தது. மேல்வரிசையின் நடுப்பற்கள் இரண்டில் ஒன்றைக் காணவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் மண்ணில் தேடி அதை எடுத்துக் கொடுத்தார். என் மனைவி அதைக் குழாயடிக்குக் கொண்டுபோய், சோப்புப் போட்டு, பழைய பிரஷ்ஷால் தேய்த்து, வெள்ளை வெளேரென்று ஆக்கி, ஒரு காகிதத்தில் பொதிந்து என் சட்டைப் பையில் வைத்தார். "ஏனுங்க சார், பல்லுத்தானுங்க, மறுபடியும் மொளச்சுக்கும். தலையில அடிபடலீங்களே, அதப் பாருங்க" என்று ஆறுதல் சொன்னார் பக்கத்து வீட்டுக்காரர்.

தலையில் அடியில்லை என்பதை உறுதி செய்துகொண்டு கிளம்பினோம். ஞாயிறு என்பதால் முதலில் போன கிளினிக் பூட்டியிருந்தது. இரண்டாவது இடத்தில், குழந்தைகளுக்கான பல் மருத்துவரிடம் போகச் சொன்னார்கள். அவரை அடைந்தபோது பல் விழுந்து ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. பகலில் ஒரு பல் மருத்துவக் கல்லூரியில் பாடம் நடத்திவிட்டு மாலையில் நோயாளிகளைப் பார்க்கும் இளம் மருத்துவர் அவர். வேறெதையும் கேட்பதற்கு முன் இரண்டே கேள்விகள் கேட்டார்: "எத்தனை மணிக்கு விழுந்ததுங்க? பல்லை எதில் வைத்துக் கொண்டுவந்தீங்க?" நான் காகிதப் பொட்டலத்தை எடுத்து நீட்டினேன். அவர் முகம் வாடியது.

நான் பொருளியல் படித்தவன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அதையே கற்பித்தவன். பல்லைப்பற்றி எனக்கு அதுவரை தெரிந்தது, வலித்தால் செலவு வைக்கும் என்பது மட்டுமே. ஆனால் அந்த இரண்டு கேள்விகளும் என்னை விடவில்லை. மணியும் பாத்திரமும்தான் ஒரு பல்லின் விதியைத் தீர்மானிக்கின்றன என்பதை யார், எப்படிக் கண்டுபிடித்தார்கள்? அதைத் தேடிப் படித்ததன் விளைவே இக்கட்டுரை.

முதலில், அன்று நாங்கள் செய்த பிழையைச் சொல்லிவிடுகிறேன். பல் தாடை எலும்பில் ஆணிபோல் நேரடியாக அறையப்பட்டிருக்கவில்லை. வேருக்கும் எலும்புக்கும் நடுவே மிக மெல்லிய நாரிழைப் படலம் ஒன்று உண்டு. அந்தப் படலத்தில்தான் பல் தொங்கிக்கொண்டிருக்கிறது. அடிபட்டுப் பல் வேரோடு கழன்று வரும்போது இப்படலம் கிழிந்து, அதன் ஒரு பகுதி உயிரணுக்களோடு வேரின்மீது ஒட்டியிருக்கும். உடனே பல்லை அதன் குழியில் பொருத்திவிட்டால் அவ்வணுக்கள் பிழைத்து, நாரிழைகள் மீண்டும் இணைந்து, பல் பழையபடி நிலைபெறலாம். வெளிக்காற்றில் உலர உலர அவை சாகின்றன. ஒரு மணி நேரம் உலர்ந்துவிட்டால் அவற்றில் பிழைத்திருப்பவை இல்லை என்றே மருத்துவர்கள் கொள்கிறார்கள். சோப்பும் பிரஷ்ஷும் அந்த ஒரு மணி நேர அவகாசத்தையும் தருவதில்லை. என் மனைவி அழுக்கு என்று நினைத்துத் தேய்த்து அகற்றியது, பல்லின் உயிரைத்தான்.

அணுக்கள் செத்த பல்லைப் பொருத்தினாலும் சில காலம் நிற்கும். பார்வைக்கும் நன்றாக இருக்கும். ஆனால் எலும்பு வேரோடு நேராக ஒட்டிக்கொள்கிறது. உடல் அந்த வேரையும் எலும்பென்றே கருதிச் சிறிது சிறிதாகக் கரைத்து, அவ்விடத்தை எலும்பால் நிரப்புகிறது. முதியவருக்கு இது பல ஆண்டுகள் பிடிக்கும் காரியம். வளரும் பிள்ளைக்கு வேறொரு சிக்கலும் சேர்கிறது. தாடை வளர்கிறது, ஒட்டிப்போன பல் நகர்வதில்லை. ஆண்டுக்காண்டு அந்தப் பல் மட்டும் வரிசையிலிருந்து உள்ளே அமிழ்ந்துகொண்டே போவதுபோல் தெரியும்.

இந்த அறிவின் பெரும்பகுதி ஒரு மனிதரின் பணி வாழ்க்கையோடு பின்னிக் கிடக்கிறது. டென்மார்க்கின் கோபன்ஹேகன் பல்கலைக்கழக மருத்துவமனையில் பணியாற்றிய யென்ஸ் ஓவே ஆண்ட்ரியாசன் 1935இல் பிறந்தவர், 2020இல் மறைந்தார். 1966இல் சக ஆய்வாளர் ஒருவருடன் சேர்ந்து அவர் வெளியிட்ட ஆய்வு, கழன்று விழுந்து மீண்டும் பொருத்தப்பட்ட 110 பற்களைப் பின்தொடர்ந்தது. 30 நிமிடங்களுக்குள் பொருத்தப்பட்டவற்றில் 90 விழுக்காட்டில் வேர் அரிப்பு காணப்படவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு மேல் வாய்க்கு வெளியே இருந்தவற்றிலோ 95 விழுக்காடு அரிக்கப்பட்டிருந்தது. எங்கள் மருத்துவர் கேட்ட முதல் கேள்வியின் பிறப்பிடம் இதுவே.

அவர் அதோடு நிற்கவில்லை என்பதுதான் எனக்கு வியப்பளித்தது. 1972இல் பல் காயங்களுக்கென்றே தனி நூல் எழுதினார். பின்னர் அவர் மனைவி பிரான்சஸ் ஆண்ட்ரியாசனும் இணைந்து விரிவாக்கிய அந்நூல், இன்றும் உலகெங்கும் இத்துறையின் அடிப்படை நூலாக இருக்கிறது. அதே 1972இல் ராவ்ன் என்பவரோடு சேர்ந்து 487 கோபன்ஹேகன் குழந்தைகளை ஆராய்ந்து, 30 விழுக்காட்டினர் பால்பற்களிலும் 22 விழுக்காட்டினர் நிலையான பற்களிலும் காயம் பட்டவர்கள் என்று காட்டினார். 1995இல் மீண்டும் பொருத்தப்பட்ட 400 முன்பற்களின் வரலாற்றை நான்கு கட்டுரைகளாக வெளியிட்டார். முதல் கட்டுரைக்கும் இதற்கும் இடையே 29 ஆண்டுகள், கேள்வி மாறவில்லை. பல பத்தாண்டுகளில் சேர்ந்த நோயாளிப் பதிவுகளை முதுமையில் ஓர் இணைய வழிகாட்டியாக மாற்றினார். எந்த ஊர் மருத்துவரும், தன்முன் இருக்கும் குழந்தையின் காயத்துக்கு இணையான காயங்கள் முன்பு என்ன ஆயின என்பதை அதில் பார்த்துக்கொள்ளலாம்.

இங்கே என் துறைக்காரனாகச் சற்று நின்று பேச வேண்டியிருக்கிறது. 'பல் விழுந்தால் தேய்க்காதே, பாலில் போடு' என்ற அறிவை யாரும் விற்க முடியாது. ஒருவர் அறிந்துகொள்வதால் மற்றவருக்கு அது குறைவதில்லை; பணம் தராதவரை விலக்கிவைக்கவும் வழியில்லை. பொருளியலில் இதைப் பொதுப்பண்டம் என்கிறோம். பற்களைப் பாதுகாக்க ஆய்வகங்களில் பயன்படும் ஹாங்ஸ் உப்புக் கரைசலை அமெரிக்காவில் சிறு பெட்டியில் அடைத்து விற்கிறார்கள். அதற்குச் சந்தை உண்டு. 1980களின் தொடக்கத்தில் ஸ்வீடனின் புளோம்லோஃப் போன்ற ஆய்வாளர்கள், சாதாரணப் பசும்பாலே பல்லின் அணுக்களைச் சில மணி நேரம் காக்க வல்லது என்று காட்டினார்கள். அதனால் எந்த நிறுவனத்துக்கும் ஒரு காசு இலாபமில்லை. இப்படிப்பட்ட அறிவைச் சந்தை உண்டாக்காது. சம்பளம் வாங்கும் ஒரு பேராசிரியர்தான் உண்டாக்க வேண்டும். அதற்கும், ஓராண்டு ஈராண்டு போதாது. இன்று பொருத்திய பல் தப்பியதா என்பதைப் பிள்ளை மீசை முளைத்து வரும்போதுதான் சொல்ல முடியும். அதுவரை அதே மருத்துவமனை, அதே பதிவேடு, அதே கேள்வியில் ஊன்றிய ஒருவர் இருக்க வேண்டும். டென்மார்க்கில் குழந்தைகளுக்கான பல் மருத்துவத்தை நகராட்சிகள் இலவசமாக வழங்குகின்றன. பிள்ளைகள் கண்காணிப்பிலிருந்து எளிதில் நழுவுவதில்லை. ஆண்ட்ரியாசனின் விடாமுயற்சிக்குப் பின்னால் இப்படி ஒரு பொது ஏற்பாடு இருந்ததை மறக்கக் கூடாது.

செலவுக் கணக்கையும் சிலர் போட்டிருக்கிறார்கள். ஸ்வீடனின் உல்ஃப் கிளெண்டர், குழந்தைகளின் பல் காயத்துக்கு ஆகும் நேரத்தை ஈராண்டுகள் பின்தொடர்ந்து அளந்தார். மருத்துவர் நாற்காலியில் கழியும் நேரம் மட்டுமன்று. வேலையை விட்டுப் பிள்ளையை அழைத்துவரும் பெற்றோரின் நேரம், வழிப்பயணம், காத்திருப்பு எல்லாமே அக்கணக்கில் உண்டு. நம் ஊரில் ஒரு பின்னலாடைத் தொழிலாளி இதற்காக இழக்கும் நாட்கூலியை எண்ணிப் பார்த்தால் அவர் ஏன் அப்படி அளந்தார் என்பது விளங்கும். முன்பல்லை இழந்த ஒன்பது வயதுச் சிறுவனுக்கு உடனே செயற்கை வேர் பதித்துப் பல் கட்டவும் இயலாது. தாடை வளர்ச்சி முடியும்வரை, ஏறக்குறைய பதினெட்டு வயதும் அதற்கு மேலும், காத்திருக்க வேண்டும். இடையில் கழற்றி மாட்டும் பல், அது உடைந்தால் மற்றொன்று, பள்ளியில் கேலி. அரை மணி நேரத்தில் ஒரு தம்ளர் பால் தவிர்த்திருக்கக்கூடிய செலவு இது.

இது ஏதோ அரிதான விபத்து என்றும் எண்ணிவிட வேண்டாம். 2018இல் பெட்டி, கிளெண்டர், ஆண்டர்சன் ஆகிய மூவர் உலக ஆய்வுகளைத் திரட்டிக் கணித்தபோது, நிலையான பற்களில் காயம் பட்டவர்கள் 15.2 விழுக்காடு, பால்பற்களில் 22.7 விழுக்காடு என்று வந்தது. வாழ்ந்துகொண்டிருக்கும் மக்களில் நூறு கோடிப் பேருக்குப் பல் காயம் நேர்ந்திருக்கிறது என்பது அவர்கள் மதிப்பீடு. உலகில் மிகப் பரவலான நோய்கள், காயங்களின் பட்டியலில் இதைச் சேர்த்தால் ஐந்தாம் இடம் பெறும் என்றும் எழுதினார்கள். ஆனால் பட்டியலில் அது சேர்க்கப்படவே இல்லை.

நம் பக்கம் வருவோம். இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியை 1920இல் கல்கத்தாவில் தொடங்கியவர் ரஃபியுத்தீன் அகமது. சென்னையில் 1953இல் மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகப் பல் மருத்துவப் படிப்பு வந்தது. குழந்தைகள் பல் மருத்துவர்களுக்கான இந்தியச் சங்கம் 1979இல் உருவாயிற்று. இத்துறையில் முதுநிலைப் பட்டம் பெறுகிறவர்கள் ஆண்டுதோறும் ஆய்வேடு எழுதித்தான் வெளிவருகிறார்கள். ஆகவே ஆர்வமோ திறமையோ நமக்கில்லை என்று சொல்வதற்கில்லை.

தமிழ்நாட்டிலிருந்தே ஒரு நல்ல சான்று இருக்கிறது. சென்னை மீனாட்சி அம்மாள் பல் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த கோபிகிருஷ்ணா, கந்தசாமி உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2008இல் ஒரு கேள்வியை எழுப்பினார்கள்: பாலுக்குப் பதிலாகத் தேங்காய் நீர் பல்லைக் காக்குமா? பொள்ளாச்சி இளநீரைச் சாலையோரம் குடித்து வளர்ந்த நமக்கு இக்கேள்வி இயல்பாகத் தோன்றலாம். ஆனால் அறிவியல் இதழில் அதற்கு முன்பு அதை யாரும் இப்படி அளந்து கேட்டதாக நான் காணவில்லை. பிடுங்கப்பட்ட 70 பற்களை எடுத்துக்கொண்டு, அரை மணி நேரம் உலரவிட்டு, தேங்காய் நீர், தேன்கூட்டுப் பிசின், ஹாங்ஸ் கரைசல், பால் ஆகிய நான்கிலும் இட்டு வைத்து, பிறகு வேரில் உயிரோடிருந்த அணுக்களை எண்ணினார்கள். தேங்காய் நீரில் இருந்தவையே அதிகம் பிழைத்திருந்தன.

செய்தி உலகெங்கும் போயிற்று. அமெரிக்க இதயச் சங்கமும் செஞ்சிலுவைச் சங்கமும் 2015இல் வெளியிட்ட முதலுதவி நெறிமுறையில், விழுந்த பல்லை இட்டுவைக்கத் தக்கவை என்ற வரிசையில் பாலுடன் தேங்காய் நீரும் இடம்பெற்றது. ஆனால் 2009இலேயே பிரேசில் ஆய்வாளர்கள், தங்கள் சோதனையில் தேங்காய் நீர் பாலுக்கு ஈடாகவில்லை என்று எழுதியிருந்தார்கள். தேங்காய் நீருக்கு இயல்பாக உள்ள அமிலத்தன்மை அணுக்களுக்கு ஆகாது என்பது சொல்லப்படும் காரணங்களில் ஒன்று. பல் காயத்துக்கான பன்னாட்டுச் சங்கம் 2020இல் புதுப்பித்த நெறிமுறையில் பால், ஹாங்ஸ் கரைசல், உமிழ்நீர், உப்புக் கரைசல் ஆகியவை இருக்கின்றன. தேங்காய் நீர் இல்லை. எனவே பொள்ளாச்சிக்காரர்கள் வருத்தப்பட்டாலும், இப்போதைக்குப் பாலையே நம்புவது நல்லது.

இந்த முடிவில் எனக்கு மனக்குறை இல்லை. ஆய்வகத்தில் ஒருவர் கண்டதை வேறொருவர் மறுப்பது அறிவியலின் வழக்கம். குறை வேறிடத்தில் இருக்கிறது. ஆய்வகத்தில் அணுக்களை எண்ணிய பிறகு, உண்மையான குழந்தைகளின் வாயில், ஐந்து ஆண்டு, பத்து ஆண்டு என்று பின்தொடர்ந்து இக்கேள்வியை முடித்துவைக்கும் ஏற்பாடு நம்மிடம் இல்லை. முதுநிலை மாணவருக்கு மூன்று ஆண்டுகள். அதற்குள் தலைப்பு, அனுமதி, சோதனை, ஆய்வேடு எல்லாம் முடிய வேண்டும். அக்காலத்துக்குள் அடங்குவது பிடுங்கிய பல்லை வைத்துச் செய்யும் சோதனைதான். வளரும் பிள்ளையின் பல் அடங்காது. மாணவர் பட்டம் பெற்றுப் போகிறார். பதிவேடு அலமாரிக்குப் போகிறது. அடுத்தவர் வேறு தலைப்போடு வருகிறார்.

ஆசிரியர்கள் தொடரலாமே என்று கேட்கலாம். கொங்கு மண்டலத்தின் பல் மருத்துவக் கல்லூரிகள் எல்லாம் தனியாரிடம் உள்ளன. அரசுக் கல்லூரிகள் என்று பார்த்தால் சென்னை, சிதம்பரம், புதுக்கோட்டை என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். பெருங்கடனோடு படித்து முடித்த ஓர் இளம் மருத்துவர், கல்லூரிச் சம்பளத்தை மட்டும் நம்பி இருபது ஆண்டுகள் ஒரே கேள்வியோடு உட்கார்ந்திருப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. மாலை நேரக் கிளினிக் அவருக்குத் தேவை. கட்டுரைகளின் எண்ணிக்கையை வைத்துப் பதவி உயர்வு தரும் முறையும் குறுகிய ஆய்வுகளையே ஊக்குவிக்கிறது. நான் கல்லூரியில் இருந்த காலத்திலும் இதே கதைதான்; ஐந்தாண்டு தரவு திரட்டியவரைவிட ஐந்து மாதத்தில் ஐந்து கட்டுரை எழுதியவர் முன்னால் போனதைப் பார்த்திருக்கிறேன். நானும் சில நேரம் அவ்வழியே போனவன் என்பதால் பிறரைக் குறைசொல்லும் உரிமை எனக்கு அதிகமில்லை.

செய்யக்கூடாத பெருஞ்செலவு ஒன்றும் இல்லை. கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களின் கல்லூரிகளும் அரசு மருத்துவமனைகளின் பல் பிரிவுகளும் சேர்ந்து பொதுவான பல் காயப் பதிவேடு ஒன்றைத் தொடங்கலாம். எப்போது விழுந்தது, எதில் வந்தது, என்ன செய்தோம், ஆறு மாதம், ஓராண்டு, ஐந்தாண்டு கழித்து என்ன ஆயிற்று என்ற சில பத்திகள் போதும். அதைக் காப்பதற்கென்றே, மாணவர் மாறினாலும் மாறாத ஓர் ஆசிரியப் பணியிடம் வேண்டும். பள்ளிக் குழந்தைகளின் உடல்நலத்தைப் பரிசோதிக்க 2013 முதல் நடுவண் அரசின் திட்டம் ஒன்று நடக்கிறது. பல் நோய்களும் அதில் உண்டு. அதன் குழுக்கள் பள்ளிக்குப் போகும்போது உடற்கல்வி ஆசிரியருக்கு ஐந்து நிமிடம் சொல்லிக்கொடுத்தால், மைதானத்தில் அது பயன்படும்.

அந்த ஐந்து நிமிடத்தில் சொல்ல வேண்டியது என்ன என்பதை இங்கேயே எழுதிவிடுகிறேன். பல்லை வெண்மையான மேற்பகுதியில் மட்டுமே பிடிக்க வேண்டும். வேரைத் தொடக் கூடாது. மண் ஒட்டியிருந்தால் பாலிலோ உப்புக் கரைசலிலோ பிள்ளையின் உமிழ்நீரிலோ மெல்ல அலசலாம். தேய்க்கக் கூடாது, சோப்பு கூடவே கூடாது. முடிந்தால் அப்போதே அதன் குழியில் பொருத்தி, சுத்தமான கைக்குட்டையைக் கடித்துக்கொள்ளச் செய்துவிட்டு மருத்துவரிடம் விரைய வேண்டும். கை நடுங்கினால், பல்லைக் குளிர்ந்த பாலில் போட்டு எடுத்துச் செல்ல வேண்டும். பள்ளி வாசலில் பால் பாக்கெட் இல்லாத டீக்கடை தமிழ்நாட்டில் உண்டா? கடைக்காரர் கொதிக்கும் பாலை ஊற்றிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். பால் கிடைக்காவிட்டால் ஒரு தம்ளரில் பிள்ளையையே உமிழச் சொல்லி அதில் இடலாம். தண்ணீர் நல்லதன்று, ஆயினும் காகிதத்தில் உலரவிடுவதைவிட மேல்.

இதெல்லாம் நிலையான பல்லுக்கு மட்டும். பால்பல் விழுந்தால் திரும்பப் பொருத்தக் கூடாது. உள்ளே வளரும் பல்லுக்குக் கேடு வரும் என்கிறது நெறிமுறை. விழுந்த பல்லைச் சாணத்தில் உருட்டிக் கூரைமேல் எறியும் நம் வழக்கம் அந்த வயதுக்குப் பொருத்தமானதே. ஆறு வயதுக்குமேல் முன்பற்கள் மாறத் தொடங்கி, எட்டு வயதுக்குள் பெரும்பாலும் புதியவை வந்துவிடுகின்றன. கீழே விழுந்து அடிபடும் விளையாட்டு வயதும் அதுதான். 'மறுபடியும் மொளச்சுக்கும்' என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது அவர் அறியாமை அன்று. கூரைமேல் எறிந்த காலத்தின் நினைவு இரண்டு மூன்று ஆண்டுகள் கூடுதலாக நீடித்துவிட்டது.

என் பேரனின் பல்லை அந்த மருத்துவர் அன்றே பொருத்தி, வளையும் கம்பியால் பக்கத்துப் பற்களோடு கட்டினார். இரண்டு வாரத்தில் கம்பியை எடுத்து, வேர்ச் சிகிச்சையும் செய்தார். பல் நிலைக்கும் என்று அவர் எங்களுக்கு வாக்குக் கொடுக்கவில்லை. வளர்ச்சி முடியும்வரை அது இடத்தைக் காத்து நின்றாலே போதும் என்றார். இப்போது பார்த்தால், அடுத்த பல்லைவிட அது ஒரு நூல் உள்ளே போயிருப்பது எனக்குத் தெரிகிறது. அவன் பாட்டிக்கு இன்னும் தெளிவாகத் தெரிகிறது.

சென்ற மாதம் பரிசோதனைக்குப் போனபோது மருத்துவர் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு நீளக் கணக்கேட்டை எடுத்து, அந்தப் பல் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று அளந்து எழுதினார். கல்லூரி கேட்டு எழுதுவதன்று. தாமாகவே, தம்மிடம் வரும் ஒவ்வொரு கழன்ற பல்லுக்கும் ஒரு வரி. என் ஆர்வத்தைக் கண்டு, பெயர்ப் பகுதியை ஒரு தாளால் மறைத்துவிட்டு மற்ற பத்திகளைப் பார்க்க அனுமதித்தார். 'எதில் வந்தது' என்ற பத்தியில் கைக்குட்டை, காகிதம், பிளாஸ்டிக் பை, தண்ணீர், மீண்டும் கைக்குட்டை என்று போய்க்கொண்டே இருந்தது. 'பால்' என்ற சொல்லைப் பார்க்க நான் பல பக்கங்களைப் புரட்ட வேண்டியிருந்தது.